வெப்சைட்டுக்கு வாழைமரம் கட்டியவர்

பூமியில் எத்தனையோ பேர் எதற்கெதற்கோ பிறக்கிறார்கள். வருகிறவர்களை 'வாங்க' என்று சொல்வதற்காக மட்டுமே பிறந்தவர், எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் கரிக்கலாம்பாக்கத்தில் சாமியானாவும் பிளாஸ்டிக் சேரும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் திருடன் புகுந்தால்கூட, "வாங்க வாங்க, சாப்டீங்களா?" என்று கேட்டு உட்காரவைத்துவிட்டு அதற்கப்புறம்தான் கூச்சல் போடுவார் என்பது அவர் மனைவியின் கணிப்பு.

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கும் உண்டு. ஆதார் அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஏம்பலத்திலிருந்து பாகூர் வரைக்கும் அவர் 'வாங்கவாங்க'தான். "வாங்கவாங்கவுக்கு போன் போட்டு சேர் எறக்கச் சொல்லு" என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

சேரை இறக்கி, சாமியானாவைக் கட்டி, பாத்திரங்களை ஒப்படைத்ததும் மற்ற கடைக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். இவர் கிளம்ப மாட்டார். பின்பக்கம் போய் முகம் கழுவி, பையில் மடித்து வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையை மாட்டி, சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பார். அதற்கப்புறம் அந்த விசேஷத்துக்கு வருகிற ஒரு ஜீவனும் அவர் கும்பிடுக்குத் தப்ப முடியாது. "வாங்க வாங்க! எம்மாம் நாளாச்சி பாத்து! பொம்பளைங்கள கூட்டினு வரலையா? மொதல்ல சாப்புடுங்க!" யாரைப் பார்த்து எத்தனை நாள் ஆச்சு என்பதெல்லாம் அவருக்கே தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறவரிடமும் அதையேதான் கேட்பார்.

ஏம்பலத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் இவரைப் பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்து மேடைக்கு அழைத்துப்போய்ச் சால்வை போர்த்திவிட்டார்கள். அசல் தாய்மாமன் கீழே முறுக்கிக்கொண்டு நின்றார். "திருப்பிக் குடுத்தா அவுங்களுக்கு மரியாதக் கொறச்சலா பூடும்னு பேசாம வாங்கிக்கினேன்" என்று பிற்பாடு எனக்கு விளக்கம் சொன்னார். வில்லியனூர்ப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைக்குப் புதுநன்மை விருந்து, அதாவது சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற விசேஷம். அங்கே வந்த பங்குச் சாமியாரையே கையைப் பிடித்து, "வாங்க சாமி, நீங்க பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்று கேட்டிருக்கிறார். சாமியார் நல்ல மனுஷர். மேலே கையைக் காட்டி, "அவரு வூடு" என்றாராம்.

நான் அப்போது வில்லியனூரில், தேரடிக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மாடியில் ஓர் அறை எடுத்துச் சின்ன வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்துகொடுத்துக்கொண்டிருந்தேன். மாட்டுத்தீவனக் கடை, டைப்ரைட்டிங் வகுப்பு, பிளவுஸ் தைக்கிற அக்கா என்று என் வாடிக்கையாளர்கள் அந்த ரகம். ஒரு நாள் படியேறி வந்த ஒருவர் என் அறை வாசலில் நின்று, உள்ளே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "வாம்மா வா வா" என்றார். என் ஆபீஸுக்குள்ளேயே என்னை வரவேற்ற முதல் ஆள். அவருக்குப் பின்னால், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அவர் மனைவி வந்தார். நான் உடனே அண்ணா, அண்ணி என்று முறை வைத்துவிட்டேன். அவரிடம் வேறு மாதிரி பழக வழியில்லை.

விஷயத்தைச் சொன்னது அண்ணிதான்.

"புதுசா வர்ற மண்டபத்துல எல்லாம் சேரு, பாத்திரம், லைட்டு எல்லாத்தையும் அவுங்களே வச்சிக்கினாங்கம்மா. மிச்சம் மீதி ஆர்டரு டவுன்காரனுங்களுக்குப் போவுது, போன்ல தேடுனா அவுனுங்கதான் வரானுங்களாம். எங்க ஷெட்டு இருக்கற எடத்த மனை போடறவரு கேட்டுக்கினே இருக்காரு. எடம் எங்கப்பா எனக்குக் குடுத்தது. பங்குனிக்குள்ள ஆர்டரு சேரலன்னா குடுத்துடப் போறேன்னு இவருகிட்ட சொல்லிட்டேன்."

"அப்புறம் அண்ணன் என்ன செய்வாரு?"

"மண்டபத்துல வாட்ச்மேனா நிக்கட்டும். அங்கயும் வாசல்தான?"

அண்ணன் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. வாட்ச்மேன் வாசலில் நின்று வருகிறவர்களை நிறுத்திக் கேள்வி கேட்கிற ஆள். அந்த வேலை அவருக்கு எப்பேர்ப்பட்ட தண்டனை என்று எனக்கு அப்போதே புரிந்தது.

நான் எனக்குத் தெரிந்த பாடத்தை ஒப்பித்தேன். வெப்சைட் போட்டால் மட்டும் போதாது. அதற்கு விசிட்டர் வரவேண்டும். வந்தவர்களில் சிலராவது பேரும் போன் நம்பரும் கொடுத்து விசாரிக்க வேண்டும். அப்படி விசாரிக்கிறவர்களுக்குத்தான் எங்கள் தொழிலில் 'லீடு' என்று பேர். லீடு வந்தால்தான் ஆர்டர். அவர் நான் சொன்னதில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"விசிட்டருன்னா விருந்தாளி. அப்டித்தானே தங்கச்சி?"

"அப்படியும் சொல்லலாம்ணா."

"அத வுடு, நான் பாத்துக்கறேன். நீ வாசல மட்டும் நல்லா போட்டுக் குடு."

வாசல் என்று அவர் சொன்னது முகப்புப் பக்கத்தை. அதில் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம் வேண்டும் என்றார். மாவிலைத் தோரணம் வேண்டும், கீழே கோலம் வேண்டும், சுற்றிலும் சீரியல் லைட் மினுக்க வேண்டும், திறந்ததும் நாதஸ்வரம் வாசிக்க வேண்டும். எல்லாவற்றையும் போட்டு போனில் திறந்து பார்த்தால், முதல் வாழைமரம் வருவதற்குள் ஒரு டீயே குடித்துவிடலாம். இத்தனை மெதுவாகத் திறந்தால் வந்தவர்கள் பொறுமையிழந்து போய்விடுவார்கள் என்றேன்.

"வர்றவங்க செருப்பு அவுக்க நேரம் ஆவாதா?" என்றார்.

வழக்காடி நாதஸ்வரத்தையும் சீரியல் லைட்டையும் எடுத்தேன். வாழைமரத்தில் கை வைக்க விடவில்லை. போட்டோ கேட்டேன். அனுப்பினார். சேர் அடுக்கின் முன்னால் அவர் கும்பிட்டபடி நின்றார். அண்டா மட்டும் தனியாக வேண்டும் என்றேன். அண்டாவுக்குப் பக்கத்தில் கும்பிட்டபடி நின்றார். ஜமுக்காளத்தின் மேலும் கும்பிடு. கடைசியில், இறந்தவரைக் கிடத்துகிற ஐஸ் பெட்டியின் போட்டோ வந்தது. அதன் பக்கத்திலும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கும்பிட்டபடி அவர் நின்றிருந்தார். அதில் மட்டும் நான் அவரை வெட்டியெடுத்து, பெட்டியைத் தனியாக வைத்தேன்.

அந்த ஐஸ் பெட்டியால்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. இங்கே வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறவர்கள் பலரும் அதையும் வைத்திருப்பார்கள். அவருக்கும் அது வருமானம்தான். ஆனால் அதை முகப்பில் சொல்லக் கூடாது, முகப்பிலிருந்து அந்தப் பக்கத்துக்கு வழியே இருக்கக் கூடாது என்றார்.

"நல்ல காரியத்துக்கு வர்றவங்க கண்ணுல அது படலாமா? கொல்லப்பக்கம் எங்கனா ஓரமா போடு."

"அப்புறம் யாரு அதைப் பார்ப்பாங்க?"

"யாரும் பாக்க வேணாம். நல்லாருக்கட்டும்."

வியாபாரத்துக்கு ஒருவரும் வராமல் இருக்கட்டும் என்று வாழ்த்திய வாடிக்கையாளரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அவர் சொன்னபடியே அந்தப் பக்கத்தை யாரும் வழி காணாத மூலையில் போட்டேன். ஆனாலும் என் வேலைப் புத்தி போகவில்லை. அந்தப் பக்கத்தில் பாகூர், கரியமாணிக்கம், ஏம்பலம், வில்லியனூர் என்று சுற்றுவட்டார ஊர்ப் பேர்களையெல்லாம் ஒழுங்காக எழுதி, எந்த நேரத்திலும் பெட்டி வந்து சேரும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். மேப்பிலும் கடையைக் குறித்துவைத்தேன்.

வெப்சைட் திறந்தாயிற்று. யாராவது உள்ளே வந்தால் அவர் போனில் மணி அடிக்கிற மாதிரி, எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று காட்டுகிற மாதிரி ஒரு வசதி கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் போன் வந்தது.

"தங்கச்சி, இன்னிக்கி வில்லியனூர்லேந்து ஒருத்தரு வந்தாரு!"

"அது நான்தாண்ணா. சரியா வேலை செய்யுதான்னு பார்த்தேன்."

"நீயா? வா வா. சாப்டியா?"

அதற்கடுத்த நாளும் ஒருவர் வந்தார். அதுவும் நான்தான். வாரம் முழுக்க என்னைத் தவிர ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. இதெல்லாம் பிடித்து மேலே வர மாசக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும் என்றேன்.

"அழைக்காம யாரு வருவா?" என்றார் அவர். எங்கே தப்பு நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த இரண்டு நாளும் அவரை ஷெட்டில் பார்க்க முடியவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பத்திரிகை என்று எடுத்துக்கொண்டு, அண்ணியையும் வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு ஊர் ஊராக, வீடு வீடாகப் போயிருக்கிறார். கரியமாணிக்கத்தில் நெல் அறுத்துக்கொண்டிருந்தவரை வரப்பில் நிறுத்தி அழைத்திருக்கிறார்.

"வர்ற வெள்ளிக்கெழம காலைல நல்ல நேரத்துல நம்ம வெப்சைட்டு கிரகப்பிரவேசம். குடும்பத்தோட வந்துடணும்."

"சந்தோஷம்பா. எங்க கட்டியிருக்க?"

"உன் போன்லதான்."

வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். ஷெட் நிறைய ஜனம். போனிலேயே வரலாம் என்று அவர் சொல்லியிருந்தும், ஒரு விசேஷத்துக்கு நேரில் போய் முகம் காட்டாமல் இருப்பது எங்கள் ஊரில் நடக்கிற காரியமா? பட்டுப்புடவையில் வந்தவர்களும் இருந்தார்கள். பொங்கலும் கேசரியும் தயார். எல்லாரும் அவருடைய சேர்களில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். நேரம் வந்ததும் அவர் கற்பூரம் ஏற்றி, "ம்... எல்லாரும் உள்ள வாங்க!" என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் அமுக்கினார்கள்.

நான் பிடித்திருந்தது இருப்பதிலேயே மலிவான சர்வர். அத்தனை பேர் ஒன்றாக ஏறியதும் அது விழுந்துவிட்டது. வாழைமரம்கூட வரவில்லை, வெள்ளைப் பக்கம் மட்டும் தெரிந்தது. "இன்னாபா, கதவு சாத்திக்கிது?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். நான் அவர் பக்கத்தில் ஓடினேன். கூட்டம் ஒரேயடியாக நுழைந்தால் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும் என்று அவர் காதில் சொன்னேன். அவர் முகத்தில் கவலையே இல்லை. இந்த மாதிரிக் கூட்டத்தை அவர் எத்தனை கல்யாணத்தில் பார்த்திருப்பார்!

"எல்லாரும் போன கீழ வைய்யுங்க! மொத பந்தி, இந்த ரெண்டு வரிசை மட்டும் உள்ள போங்க. ரெண்டாம் பந்தி கேசரி சாப்புடுங்க. மொத பந்தி பாத்துட்டு எழுந்திரிச்சதும் கூப்புடறேன்!"

அப்படித்தான் நடந்தது. பந்தி பந்தியாக வெப்சைட்டுக்குள் ஆளை அனுப்பி, பந்தி பந்தியாக வெளியே அழைத்தார். ஒரு பெரியவர் சேரைப் பார்த்தேன், அண்டாவைப் பார்த்தேன், இன்னும் பார்க்கவேண்டியது இருக்கிறது என்று எழுந்திருக்க மறுத்தார். "மாமா, அடுத்த பந்தி பசியோட நிக்கிது" என்று அவரைக் கிளப்பினார். இணைய வரலாற்றில் சர்வர் விழுந்ததை இப்படிச் சரிசெய்த மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது.

சாயங்காலம் நான் ஆபீஸுக்கு வந்து பார்த்தால், விசாரணைப் பெட்டி நிரம்பி வழிந்தது. பேர், ஊர், போன் நம்பர், என்ன வேண்டும் என்று நான்கு கட்டம் வைத்திருந்தேன். அத்தனை பேரும் ஒழுங்காகப் பூர்த்தி செய்திருந்தார்கள். இத்தனை லீடு என் ஆயுசில் பார்த்ததில்லை. ஆசையோடு ஒவ்வொன்றாகத் திறந்தேன். விசேஷத்துக்கு வந்தால் வந்ததை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தானே போவார்கள்? அதைத்தான் செய்திருந்தார்கள். என்ன வேண்டும் என்ற கட்டத்தில், "வந்தோம், பார்த்தோம், நல்லா இருக்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். "கேசரியில் நெய் ஜாஸ்தி. மற்றபடி சிறப்பு" என்று ஒருவர். "ஒண்ணும் வேணாம்பா, நீ நல்லா இருந்தா போதும்" என்று ஒருவர். எல்லாம் ஆசீர்வாதம். ஆர்டர் ஒன்றுகூட இல்லை.

"இவ்ளோ பேரு வந்திருக்காங்க, பாத்தியா?" என்று அவர் பூரித்தார். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மனை போடுகிறவர் மறுபடி போன் செய்திருந்தாராம்.

அதற்குப் பிறகு அவருக்குப் புதுக் கவலை வந்தது. வருகிறவர்களை யாரும் 'வாங்க' என்று சொல்வதில்லையாம். போனில் மணி அடிக்கும்போதெல்லாம் இவர் எந்த வேலையில் இருந்தாலும், "வாங்க வாங்க" என்று போனைப் பார்த்துச் சொல்வார். ஆனால் அது அவர்களுக்குக் கேட்காதே? அதனால் தன் குரலையே பதிவு செய்து கொடுத்தார். யார் விசாரித்து எழுதினாலும் அந்தக் குரல் உடனே அவர்கள் போனுக்குப் போய்விடும்.

"வாங்க வாங்க வாங்க! எம்மாம் நாளாச்சி பாத்து! குடும்பத்தோட வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்! இந்த மாதிரி உங்க வூட்ல அடிக்கடி நடக்கணும்! சாப்ட்டுதான் போவணும்!"

"எல்லாப் பக்கத்துக்கும் இது வேணாம்ணா" என்றேன்.

"வர்றவங்கள்ல வித்தியாசம் பாக்கக் கூடாது தங்கச்சி."

மாசி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம் அவரிடமிருந்து போன். குரலே மாறியிருந்தது.

"தங்கச்சி, என் வாய நிறுத்து! சீக்கிரம் என் வாய நிறுத்து!"

விஷயம் இதுதான். பாகூருக்குப் பக்கத்தில் ஒரு கரும்பு விவசாயி காலையில் இறந்துவிட்டார். மகள் கலா பிரான்சில் இருக்கிறாள். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பக்கம், பிரான்சில் சொந்தம் இல்லாத தெருவைக் காட்டுவது கஷ்டம். அவள் வந்து சேரும்வரை அப்பாவை வைத்திருக்க வேண்டும்; வீட்டில் அம்மா தனி. அங்கிருந்தபடியே போனில் தேடியிருக்கிறாள். பாகூர், ஐஸ் பெட்டி என்று தேடியவளுக்கு, நான் ஊர்ப் பேரெல்லாம் எழுதி மூலையில் போட்டிருந்த அந்தப் பக்கம்தான் முதலில் வந்து நின்றிருக்கிறது. வாழைமரம் கட்டிய முன்வாசலை அவள் பார்க்கவே இல்லை. நேரே கொல்லைப்பக்கம் வந்து, அப்பா இறந்துவிட்டார், பெட்டி வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். எங்கள் வெப்சைட்டின் முதல் நிஜமான லீடு அதுதான். அடுத்த விநாடி இவர் குரல் அவள் போனுக்குப் போய்விட்டது.

இந்த மாதிரி உங்க வூட்ல அடிக்கடி நடக்கணும்.

"போயிட்டுதுணா. இனிமே இழுக்க முடியாது" என்றேன்.

அவர் உடனே போனை வைத்துவிட்டார். பெட்டி, சாமியானா, சேர் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எனக்கும் மனசு கேட்காமல் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன். அண்ணியும் வந்தார்; அவர் வந்தது இவர் வாயைக் காவல் காக்க.

சாவு வீட்டில் வருகிறவர்களை 'வாங்க' என்று சொல்லக் கூடாது. போகிறவர்களும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இவர் ஒரு வாசலில் நின்றுகொண்டு சொல்லாமல் இருப்பது எப்படி? வழக்கமாக ஐஸ் பெட்டியை இறக்கியதும் அங்கிருந்து ஓடிவந்துவிடுவாராம். அன்றைக்கு ஓடவில்லை. தப்புச் செய்த வீட்டை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. வெள்ளைச் சட்டையும் போடவில்லை. தோள் துண்டின் நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு வாசல் ஓரமாக நின்றார்.

ஒவ்வொரு ஆள் வரும்போதும் அவர் கை தானாக மேலே எழும்பும். வாய் அசையும். துண்டு தடுக்கும். கண்ணில் தண்ணீர் முட்டும். பார்த்தவர்கள் இறந்தவரின் தம்பி போலிருக்கிறது, அடக்க மாட்டாமல் அழுகிறார் என்று நினைத்து, அவர் தோளைத் தட்டி, "மனச தேத்திக்க, இன்னா பண்றது" என்று ஆறுதல் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். கல்யாணத்தில் தாய்மாமன் ஆனவர் சாவு வீட்டிலும் சொந்தக்காரர் ஆகிவிட்டார். அந்த நிலைமையிலும் எனக்கும் அண்ணிக்கும் சிரிப்பு வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

மறுநாள் மத்தியானம் கலா வந்தாள். கல்யாண விஷயத்தில் அப்பாவோடு மனத்தாங்கலாகிப் பல வருஷம் அவள் அந்த வீட்டுக்கு வந்திருக்கவில்லை. காரிலிருந்து இறங்கியவள் தன் பயணப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றாள். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். வெளியே சேரில் இருந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் அவளை 'வா' என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது வழக்கம்தான். ஆனால் அவள் நின்ற விதத்தைப் பார்த்தால், அந்த வீட்டுக்குள் நுழைய யாராவது உத்தரவு கொடுப்பார்களா என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது.

அவர் துண்டை வாயிலிருந்து எடுத்தார். அண்ணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் கேட்கவில்லை.

"வாம்மா. உள்ள வா. அப்பா உள்ளதான் இருக்காரு."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சேரில் இருந்த ஒரு பெரியவர், "இன்னாபா, சாவு வூட்ல வான்னு சொல்ற?" என்று முறைத்தார். இவர் மறுபடி துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, கருமாதிக்குச் சேர் போடச் சொல்ல அவளே ஷெட்டுக்கு வந்தாள். அவர் எழுந்து நின்று கையைப் பிசைந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் கேட்டாள்.

"அந்த வாங்க வாங்க நீங்கதானேண்ணா? அன்னிக்கி வாசல்ல கூப்பிட்டப்பவே கொரல வச்சிக் கண்டுபுடிச்சிட்டேன்."

"தப்பாயிடுச்சும்மா. மிஷினு தானா..."

"மொதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம் ஏர்போர்ட்ல ஒக்காந்து அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஊர்லேருந்து ஒருத்தரும் என்னை வான்னு சொல்லலண்ணா. அது ஒண்ணுதான் சொல்லிச்சு."

அவர் ஒரு சேரைத் துடைத்து அவளை உட்காரவைத்தார். "சாப்டியாம்மா?" என்றார். அண்ணி உள்ளே போய் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தார்.

பிரான்சுக்குத் திரும்பிய கலா, மேப்பில் நான் குறித்துவைத்திருந்த கடைப் பேருக்குக் கீழே பிரெஞ்சில் நீளமாக ஏதோ எழுதிவிட்டாள். போனில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்தேன். சேரைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. மற்றதெல்லாம் வாசலைப் பற்றி. பிரான்சிலிருந்து போய் நம் ஊரில் விசேஷம் வைத்துவிட்டு, வருகிறவர்களை வரவேற்க ஆளில்லையே என்று தவிக்கிறவர்கள் இவரைக் கூப்பிடுங்கள் என்று முடித்திருந்தாள். நான் மெனக்கெட்டு எழுதிய ஊர்ப் பேர்களும் அவள் எழுதிய அந்த நாலு வார்த்தையும் சேர்ந்து என்ன மாயம் செய்ததோ, பங்குனி பிறப்பதற்குள் அவர் போனில் பிரான்சு, பிரான்சு என்று மணி அடிக்க ஆரம்பித்தது. காதுகுத்து, புதுமனை, அறுபதாம் கல்யாணம். சேர் எத்தனை, வாடகை என்ன என்பதெல்லாம் அப்புறம். எல்லாரும் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வாசல்ல நீங்க நிப்பீங்கல்ல?"

நான் வெப்சைட்டில் ஒரு வரி சேர்த்தேன்: வாசலில் நின்று வரவேற்கப்படும். ஐஸ் பெட்டிப் பக்கத்துக்கு மட்டும் குரலை மாற்றினோம். "தோ வந்துக்கினே இருக்கோம்மா. நீங்க கவலப்படாதீங்க" என்று அடங்கிய குரலில் அவரே பேசிக் கொடுத்தார். பதிவு செய்யும்போது துண்டைக் கையில் தயாராக வைத்திருந்தார்.

அண்ணிக்குத்தான் ஆறவில்லை. "இதுக்குக்கூடக் காசு குடுக்கறாங்க, இத்தினி வருஷம் ஓசிலயா நின்ன?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டார். ஆனால் மனை போடுகிறவர் முடிவு கேட்க நேரில் வந்தபோது, வீட்டுக்குள்ளிருந்தபடியே, "எடம் குடுக்கறதா இல்லன்னு சொல்லு" என்று கத்தியதும் அவர்தான். இவர் வந்த மனுஷரை வெறும் கையோடு விடுவாரா? "வாங்க வாங்க, எம்மாம் நாளாச்சி பாத்து" என்று உட்காரவைத்து, காபி கொடுத்து, பேசிப் பேசி, அவர் வேறிடத்தில் போடுகிற மனையின் பூமி பூஜைக்குச் சாமியானா ஆர்டர் வாங்கிவிட்டார்.

இப்போது நான் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் வெப்சைட்டுக்கு ஒரு நாளைக்கு வருகிற கூட்டத்தைக் கரிக்கலாம்பாக்கத்தில் இறக்கினால் நிற்க இடம் இருக்காது. அவர்களை நாங்கள் கோடுகளாகவும் கட்டங்களாகவும் திரையில் பார்க்கிறோம். யாரையும் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. மனசு சரியில்லாத நாட்களில், மத்தியான இடைவேளையில் நான் போனை எடுத்து அந்த வாழைமரப் பக்கத்தைத் திறப்பேன். சாப்பாட்டு டப்பாவை மூடுவதற்குள் போன் வரும்.

"இன்னா தங்கச்சி, வந்துட்டு சொல்லாம போற? சாப்டியா?"

நான்தான் என்று எப்படித் தெரியும் என்று ஒரு முறை கேட்டேன். சென்னை என்று மட்டும்தானே அவர் போன் காட்டும்?

"மெட்ராஸ்லேந்து யாரு வந்தாலும் நீன்னுதாம்மா நெனச்சிக்குவேன்" என்றார்.

நேற்று மீட்டிங்கில் இருந்தபோது கூப்பிட்டார். வெளியே வந்து எடுத்தேன். நான் அந்த வாழைமரப் பக்கத்தைத் திறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. சென்னையில் யாரோ ஒருவர் காதுகுத்துக்குச் சேர் தேடியிருக்க வேண்டும்.

"இன்னா தங்கச்சி, வந்தியா?"

"ஆமாண்ணா," என்றேன், "நான்தான் வந்தேன்."